சொந்தப் பணத்துக்குத் தண்டம்

ஐக்கிய அமெரிக்க நாட்டில் வேலை செய்யும் ஒருவர், தமது முதுமைக்கென்று சம்பளத்திலிருந்து பிடித்துச் சேர்த்துவைத்த பணத்தை 59½ வயது நிரம்புமுன் எடுத்தால், அந்தத் தொகைக்குரிய வருமான வரியோடு நூற்றுக்கு 10 வீதம் தண்டமும் செலுத்தவேண்டுமென்று அந்நாட்டுச் சட்டம் விதித்திருக்கிறது. வயதை அரை வருஷம் வரையில் கணக்கிட்டிருக்கும் நுட்பத்தைப் பார்த்தால், சட்டத்தை இயற்றியவர்களுக்கு ஜாதகம் கணிக்கும் பழக்கம் உண்டோ என்று ஐயுற வேண்டியிருக்கிறது. சட்டத்தின் வாசகத்தில் இதற்குத் தண்டம் என்று பெயரில்லை. “அதிகப்படி வரி” என்று மரியாதையாகவே குறிப்பிட்டிருக்கிறார்கள். அதே சட்டம், இந்த அதிகப்படி வரியின்றிப் பணத்தை எடுத்துக்கொள்வதற்குப் பல வாயில்களையும் வைத்திருக்கிறது. அவ்வாயில்கள் யாருக்குத் திறக்கின்றன, யாருக்கு மூடிக்கிடக்கின்றன என்பதைப்பற்றியே இன்று எழுதப் புகுந்தோம். தமிழ்நாட்டின் எத்தனையோ குடும்பங்களில் ஒரு மகனோ மகளோ அந்நாட்டில் சம்பாதிக்கிறார்கள். அதைத் தள்ளிவைத்தாலும், தொழிலாளியின் சேமிப்பின்மேல் சர்க்காருக்கு எவ்வளவு பிடி இருக்கலாம் என்ற கேள்வி எல்லாத் தேசங்களுக்கும் பொதுவானது.

முதலில் இந்த ஏற்பாடு எவ்வாறு உண்டாயிற்று என்பதைச் சிறிது பார்ப்போம். முன்னாளில் அமெரிக்காவின் பெரிய கம்பெனிகள் பலவற்றில் முதலாளியே ஓய்வூதியம் கொடுத்துவந்தார். நிதி லாபமடைந்தாலும் நஷ்டமடைந்தாலும் அது அவர் பொறுப்பு. தொழிலாளி அந்நிதியை நடுவில் உடைத்து எடுக்கவும் முடியாது; அதைப்பற்றிக் கவலைப்படவும் வேண்டியதில்லை. 1974-ஆம் வருஷத்துத் தொழிலாளர் ஓய்வுகால வருமானப் பாதுகாப்புச் சட்டம், தனிமனிதர் தம் பெயரிலேயே வைத்துக்கொள்ளும் ஐ.ஆர்.ஏ. என்ற கணக்கை ஏற்படுத்தியது. வயதுக்கு முன் எடுத்தால் 10 வீதம் என்ற விதி அதனோடு கூடவே பிறந்தது. 1978-ஆம் வருஷத்து வரிச் சட்டத்தில் 401(கே) என்ற உட்பிரிவு நுழைந்தது. சில வருஷங்களில் முதலாளிகள் அதைப் பற்றிக்கொண்டு, பழைய ஓய்வூதியத்தைக் கைவிட்டு, தொழிலாளியின் சம்பளத்திலிருந்து பிடிக்கும் பணத்தோடு தாமும் கொஞ்சம் சேர்த்துப் பங்குச் சந்தையில் போட்டுவைக்கும் முறைக்கு மாறலானார்கள். 1986-ஆம் வருஷத்து வரிச் சீர்திருத்தச் சட்டம் 10 வீதத் தண்டத்தைக் கம்பெனிக் கணக்குகளுக்கும் பொதுவாக விரித்தது. இவ்வாறு நஷ்டத்தின் பாரம் தொழிலாளியின் தோளுக்கு மாறிற்று. பணம் அவன் பெயருக்கு வந்தது. ஆயினும் அதன்மேல் அவனுக்குள்ள பாத்தியதை பாதியாகவே நின்றுவிட்டது.

சர்க்கார் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. இந்தக் கணக்கில் போடும் பணத்துக்கு அவ்வருஷம் வருமான வரி கிடையாது. அது வளர்ந்து பெருகும் காலத்திலும் வரி கிடையாது. எடுக்கும்போது மட்டுமே வரி. பொது வருமானத்திலிருந்து இவ்வளவு சலுகை கொடுப்பது, பிரஜைகள் கிழப்பருவத்தில் பிறர் கையை எதிர்பாராமல் வாழவேண்டுமென்பதற்காக. நினைத்தபோதெல்லாம் எடுக்கலாமென்றால், பணக்காரர்கள் வரியைத் தள்ளிப்போடும் பெட்டியாக இதை உபயோகிப்பார்களே தவிர, ஓய்வுகாலத்துக்கு ஒரு காசும் மிஞ்சாது. இந்த வாதத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் தண்டம் உண்மையில் யாரைத் தடுக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், வாதம் தலைகீழாகிவிடுகிறது.

நூற்றுக்கு 12 வீத வரிப்படியிலுள்ள ஒரு சாதாரணத் தொழிலாளி 10,000 டாலர் போடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அன்று அவனுக்கு மிச்சமான வரி 1,200 டாலர். சில வருஷம் கழித்து வேலை போய், வாடகை கொடுக்க வழியின்றி அதே தொகையை எடுக்கிறான். வரி 1,200, தண்டம் 1,000, ஆக 2,200 டாலர் போகிறது. சர்க்கார் கொடுத்த சலுகையைத் திருப்பி வாங்கிக்கொண்டதோடு நில்லாமல், மேலும் ஆயிரம் டாலரைக் கறந்துவிட்டது. இப்பொழுது 37 வீத வரிப்படியிலுள்ள ஒரு பெரிய உத்தியோகஸ்தரைப் பார்ப்போம். அவர் அதே 10,000 டாலரைப் போட்டபோது மிச்சமான வரி 3,700. ஐம்பதாவது வயதில் வேலையை விட்டு, வருமானத்தைக் குறைத்துக்கொண்டு, 12 வீதப் படிக்கு இறங்கியபின் அதை எடுக்கிறார். அவரும் தண்டத்தோடு சேர்த்து 2,200 தான் கொடுக்கிறார். தண்டம் செலுத்தியபிறகும் அவருக்கு 1,500 டாலர் ஆதாயம்! ஏழைக்கு அடியாக விழும் அதே பிரம்பு இவருக்கு விசிறியாக வீசுகிறது. அவர் இந்தத் தண்டத்தைக்கூடச் செலுத்தப்போவதில்லை என்பதை மேலே சொல்லும் வாயில்களிலிருந்து வாசகர்கள் அறிவார்கள்.

வாயில்களில் முதலாவது, 55 வயது விதி. ஒருவர் 55 வயது நிரம்பும் வருஷத்திலோ அதற்குப் பின்னோ ஒரு கம்பெனியை விட்டு விலகினால், அந்தக் கம்பெனியின் 401(கே) கணக்கிலிருந்து தண்டமின்றி எடுக்கலாம். தாமே விலகினாலும் சரி, வெளியே அனுப்பப்பட்டாலும் சரி. தீயணைப்பு, போலீஸ் முதலிய பொதுப் பாதுகாப்பு ஊழியர்களுக்கு இவ்வயது 50. கேட்பதற்கு எளிதாயிருக்கிறது. ஆனால் 54-ஆம் வயதில், அதாவது 55 நிரம்பும் வருஷத்துக்கு முந்திய டிசம்பரில் வெளியே அனுப்பப்பட்டவனுக்கு, பிறகு 55 ஆனாலும் 57 ஆனாலும் அந்தக் கணக்கின் கதவு இந்த விதியால் திறக்காது. பழைய கம்பெனிகளில் விட்டுவைத்த கணக்குகளுக்கும் இச்சலுகை இல்லை. இவற்றைவிடக் கொடிய பொறி ஒன்று உண்டு. 56 வயதில் வேலையிழந்தவரிடம் யாரோ ஒரு முதலீட்டு ஆலோசகர் வந்து, “பழைய கம்பெனியில் பணத்தை ஏன் விட்டுவைக்கிறீர்கள்? ஐ.ஆர்.ஏ. கணக்குக்கு மாற்றிவிடுங்கள்” என்று அன்பாகச் சொல்லுகிறார். இவரும் கையெழுத்துப் போடுகிறார். அந்தக் கையெழுத்தோடு 55 வயது விதியின் பாதுகாப்பு போயிற்று. ஏனெனில் அவ்விதி ஐ.ஆர்.ஏ. கணக்குக்குப் பொருந்தாது. பணம் அதேதான், மனிதரும் அவரேதான், கஷ்டமும் அதேதான். பெட்டி மாறியதால் நூற்றுக்குப் பத்து போய்விடுகிறது.

இந்தப் பெட்டி வித்தியாசம் எதிர்த் திசையிலும் வேலை செய்கிறது. பிள்ளைகளின் காலேஜ் படிப்புச் செலவுக்குத் தண்டமின்றி எடுக்கலாம், ஆனால் ஐ.ஆர்.ஏ.யிலிருந்து மட்டும். வேலையில்லாமல் 12 வாரம் நிவாரணம் பெற்றவர் வைத்திய இன்ஷியூரன்ஸ் கட்டுவதற்கு எடுக்கலாம், அதுவும் ஐ.ஆர்.ஏ.யிலிருந்து மட்டும். முதல் வீடு வாங்குவதற்கு ஆயுளில் 10,000 டாலர் எடுக்கலாம். அதற்கும் அதே நிபந்தனை. (இந்தப் பதினாயிரம் 1997-ஆம் வருஷத்துச் சட்டத்தில் வைத்த தொகை, வீட்டு விலைகள் எங்கேயோ போய்விட்டன, தொகை வைத்த இடத்திலேயே நிற்கிறது.) ஆகவே, காலேஜ் செலவுள்ளவர் பணத்தை முதலில் ஐ.ஆர்.ஏ.க்கு மாற்றிப் பிறகு எடுக்கவேண்டும். 56 வயதில் வேலையிழந்தவர் மாற்றவே கூடாது. மாநில, நகர சர்க்கார் சிப்பந்திகளின் 457(பி) கணக்கிலோ, வேலையை விட்டபிறகு எந்த வயதில் எடுத்தாலும் இந்தத் தண்டமே கிடையாது. இத்தனை வித்தியாசங்களுக்கு நியாயம் என்னவென்று சட்டத்தைத் துருவிப் பார்த்தாலும் புலப்படவில்லை.

இரண்டாவது வாயில், 72(டி) என்ற பிரிவிலுள்ளது. எந்த வயதிலும் இதைத் திறக்கலாம். ஒருவர் தம் ஆயுட்கால எதிர்பார்ப்பைக் கொண்டு கணக்கிட்ட சமமான தொகையை வருஷந்தோறும் எடுத்துவந்தால் தண்டமில்லை. ஐந்து வருஷம் கழியும்வரையிலோ 59½ வயது வரும்வரையிலோ, இரண்டில் எது பிந்தியதோ அதுவரையில் மாறாமல் எடுக்கவேண்டும். கணக்கிடுவதற்கு மூன்று முறைகள் உண்டு. 50 வயதில் 4,00,000 டாலர் உள்ளவர், ஆயுள் வருஷங்களால் வகுக்கும் முறையில் முதல் வருஷம் சுமார் 11,000 டாலர் எடுக்கலாம். அவரே கடன் தவணைபோல 5 வீத வட்டியில் கணக்கிடும் முறையைத் தேர்ந்தால் சுமார் 24,000 டாலர் எடுக்கலாம். விஷயம் தெரிந்தவருக்கு இது இரட்டிப்பு ஊதியம். தெரியாதவருக்கோ இதில் வெடிகுண்டு ஒன்று மறைந்திருக்கிறது. வருஷம் 24,000 வீதம் எட்டு வருஷம் ஒழுங்காக எடுத்துவந்த ஒருவர், 58-ஆம் வயதில் மகளின் கல்யாணத்துக்கென்று ஒரு தொகையை அதே கணக்கிலிருந்து அதிகமாக எடுத்துவிட்டால், முந்திய எட்டு வருஷங்களில் தவிர்த்த தண்டம் முழுவதும், ஏறக்குறைய 19,000 டாலர், வட்டியோடு அவர்மேல் விழும். ஆகையால் இந்த வாயிலில் நுழைய விரும்புவோர், கணக்கை முன்னமே இரண்டாகப் பிரித்து, ஒன்றை மட்டும் இந்த ஏற்பாட்டுக்கு ஒதுக்கி, மற்றதைத் தொடாமல் வைத்திருப்பார்கள். கணக்கர் வைத்துக்கொள்ள வசதியுள்ளவர்களுக்கு இது பெரிய காரியமல்ல.

மூன்றாவது வாயில், ராத் என்ற கணக்கின் வழி. வரி செலுத்திய பணத்தை ராத் ஐ.ஆர்.ஏ.யில் போட்டிருந்தால், போட்ட அசலை எப்பொழுது வேண்டுமானாலும் வரியும் தண்டமுமின்றி எடுக்கலாம். அதன் லாபத்துக்குத்தான் கட்டுப்பாடு. பழைய கணக்கிலுள்ள பணத்தை ராத் கணக்குக்கு மாற்றி, அந்த வருஷமே வருமான வரியைச் செலுத்திவிட்டு, ஐந்து வருஷம் காத்திருந்தால், மாற்றிய தொகையையும் தண்டமின்றி எடுக்கலாம். ஒவ்வொரு வருஷமும் ஒரு பங்கை மாற்றிக்கொண்டே வந்தால், ஐந்து வருஷத்துக்குப் பிறகு வருஷத்துக்கு ஒரு படியாக ஏணி அமைந்துவிடுகிறது. நாற்பத்தைந்து வயதில் உத்தியோகத்துக்கு வணக்கம் சொல்ல விரும்பும் செல்வர்கள் பெரிதும் விரும்பும் வழி இது. முதல் ஐந்து வருஷம் எதைக்கொண்டு சாப்பிடுவது என்ற கேள்விக்கு வேறிடத்தில் விடை உள்ளவர்களுக்கே இந்த ஏணி எட்டும்.

அவ்வாறு விடையில்லாதவர்களுக்குச் சட்டம் வைத்திருப்பதோ “கஷ்டகாலப் பற்று” என்ற ஏற்பாடு. வீட்டைவிட்டு வெளியேற்றப்படும் நிலை, சவ அடக்கச் செலவு, வைத்தியச் செலவு முதலிய நெருக்கடிகளில் 401(கே)யிலிருந்து எடுக்கக் கம்பெனி அனுமதிக்கலாம். பெயரைக் கேட்டவர்கள் தண்டமும் மன்னிக்கப்பட்டதென்று நம்பிவிடுகிறார்கள். மன்னிக்கப்படவில்லை. கஷ்டத்தை நிரூபித்து, பணத்தை எடுத்து, 59½ ஆகாதவனாயிருந்தால் தண்டத்தையும் கட்டவேண்டும். வைத்தியச் செலவானால், மொத்த வருமானத்தில் நூற்றுக்கு 7½ வீதத்துக்கு மேற்பட்ட பகுதிக்கு மட்டும் விலக்கு உண்டு. கஷ்டமென்று சர்க்காரே ஒப்புக்கொண்ட பிறகு அதற்குத் தண்டம் வாங்குவது எந்த நீதியில் சேர்ந்தது? இதைவிடக் கூசத்தக்க ஷரத்து அந்தச் சட்டத்தில் வேறில்லை என்பது நமது அபிப்பிராயம்.

அமெரிக்கச் சட்டசபையாருக்கும் இது உறுத்தாமலில்லை. 2020-ஆம் வருஷத்தில் தொற்றுநோய் பரவியபோது, பாதிக்கப்பட்டவர்கள் 1,00,000 டாலர் வரையில் தண்டமின்றி எடுக்கலாமென்று அவ்வருஷத்துக்கு மட்டும் அனுமதித்தார்கள். அதே வருஷத்திலிருந்து, குழந்தை பிறந்தாலும் தத்து எடுத்தாலும் 5,000 டாலர் வரையில் எடுக்கலாமென்று மற்றொரு சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. 2022 டிசம்பரில் இயற்றிய சட்டத்தில் மேலும் சில கதவுகள் திறந்தன: மரணம் நெருங்கியதென்று டாக்டர் சான்றளித்த நோயாளிகளுக்கு, சர்க்கார் அறிவித்த இயற்கை உற்பாதங்களில் அடிபட்டவர்களுக்கு 22,000 டாலர் வரையில், வீட்டில் அடிதடிக்கு இரையான துணைவிமாருக்கு, இப்படியாக. அவசரச் செலவுக்கென்று 2024 முதல் வருஷத்துக்கு 1,000 டாலர் எடுக்கவும் இடமளித்தார்கள். எடுத்ததைத் திருப்பிக் கட்டாவிட்டால் அடுத்த மூன்று வருஷத்துக்கு அக்கதவு பொதுவாகத் திறக்காது. கம்பெனி இவ்வசதியைத் தம் திட்டத்தில் வைக்கவேண்டுமென்ற கட்டாயமும் இல்லை. பெரிய நகரங்களில் ஒரு மாத வாடகைக்கே எட்டாத தொகை இது. தண்டம் நியாயமானதென்றால் இத்தனை விலக்குகள் ஏன்? அநியாயமானதென்றால் இவ்வளவு கஞ்சத்தனம் ஏன்?

விலக்கு உள்ளவர்களும் அதைப் பெறாமலே போவதுண்டு. பணம் கொடுக்கும் ஸ்தாபனம் வருஷ முடிவில் 1099-ஆர் என்ற பத்திரத்தை அனுப்புகிறது. அதில் பல சமயங்களில் “விலக்கு உள்ளதாகத் தெரியவில்லை” என்ற பொருளில் 1 என்ற குறியைப் போட்டுவிடுகிறார்கள். அதைப் பார்த்ததும் சாதாரண மனிதர் தண்டம் உறுதியென்று எண்ணிப் பணத்தைக் கட்டிவிடுகிறார். 5329 என்ற படிவத்தில் தமக்குரிய விலக்கின் எண்ணைக் குறித்துக் கோரினால் கட்டவேண்டியதில்லை என்பதை அவருக்கு யார் சொல்லுவார்? இன்னொரு மயக்கமும் உண்டு. வேலையை விட்ட 40 வயதுக்காரர் 20,000 டாலரைத் தம் கையில் வாங்கினால், கம்பெனிக் கணக்கு நூற்றுக்கு 20 வீதம் பிடித்துக்கொண்டு 16,000 கொடுக்கிறது. வரிக் கணக்கு அதோடு தீர்ந்ததென்று அவர் நினைக்கிறார். அவர் 22 வீதப் படியிலிருந்தால் வரி 4,400, தண்டம் 2,000. அடுத்த ஏப்ரலில் இன்னும் 2,400 டாலருக்கு ஓலை வரும். 60 நாட்களுக்குள் முழுத் தொகையையும் வேறு ஓய்வுக் கணக்கில் போட்டுவிட்டால் தப்பலாம்; ஆனால் பிடித்துக்கொண்ட 4,000 டாலரையும் அவர் தம் கையிலிருந்து போட்டு நிரப்ப வேண்டும். கையில் 4,000 இருந்திருந்தால் அவர் கணக்கைத் தொட்டிருக்கவே மாட்டார்.

நம்மவர் விஷயத்துக்கு வருவோம். எச்-1பி விசாவில் சென்று உழைக்கும் தமிழ் இளைஞர்கள் பலர் 401(கே)யில் பணம் சேர்த்திருக்கிறார்கள். வேலை போனால் வேறு வேலை தேடிக்கொள்ள அவர்களுக்குப் பொதுவாக 60 நாட்களே தவணை; இல்லையேல் மூட்டை கட்டவேண்டும். அந்த அவசரத்தில், தேசத்தை விட்டே போகிறோமே என்று கணக்கையும் முடித்துப் பணத்தை வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. சொந்த நாடு திரும்புவது தண்டத்துக்கு விலக்கான காரணங்களில் ஒன்றல்ல என்பதை அவர்கள் அறியவேண்டும். போதிய தொகையுள்ள கணக்கை அங்கேயே விட்டுவைத்து 59½ வயதில் எடுப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. 55 வயதை நெருங்கியவராயின், விலகும் தேதியைக் காலண்டர் வருஷத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது ஒரு மாத வேலையைவிட அதிக லாபம் தரலாம். இந்தியாவில் குடியேறியபின் எடுக்கும் பணத்துக்கு இங்குள்ள வருமான வரியையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். ஆகையால் இரு நாட்டுச் சட்டமும் தெரிந்தவரைக் கேட்காமல் கையெழுத்திடலாகாது.

நம் நாட்டிலும் இதைப்போன்ற முயற்சி ஒன்று நடந்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். 2016-ஆம் வருஷம் பிப்ரவரியில், சேமநிதியில் முதலாளி செலுத்திய பங்கை 58 வயதுவரையில் தொழிலாளி எடுக்கக்கூடாதென்று மத்திய சர்க்கார் உத்தரவு பிறப்பித்தது. ஏப்ரல் மாதத்தில் பெங்களூரின் ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், ஆயிரக்கணக்கில் வீதிக்கு வந்தார்கள். ஏப்ரல் 19-ஆம் தேதி உத்தரவு வாபஸாயிற்று. கிளர்ச்சியில் கல்வீச்சும் தடியடியும் கலந்துபோனதற்காக நாம் வருந்துகிறோம். ஆனால் தங்கள் பணத்துக்குப் பூட்டுப் போட்டவுடன் அந்தப் பெண்களுக்கு அது தெரிந்துவிட்டது, எதிர்த்தார்கள். அமெரிக்கத் தொழிலாளிக்குப் போட்ட பூட்டு வரிப் படிவத்தின் ஒரு வரியில் ஒளிந்திருக்கிறது. ஒவ்வொருவரும் தனித்தனியே, தங்கள் வீட்டு மேஜையில், ஏப்ரல் மாதத்தில் அதைச் செலுத்துகிறார்கள். கூட்டமாகக் கூடி அதை எதிர்க்க ஒருவருக்கும் தோன்றுவதில்லை.

அந்நாட்டுத் தொழிற் சங்கங்கள் கேட்கவேண்டியவை சில உண்டு. விலக்கு மனிதனின் நிலையைப் பொறுத்திருக்க வேண்டும். பணம் 401(கே)யில் கிடக்கிறதா ஐ.ஆர்.ஏ.யில் கிடக்கிறதா என்பதைப் பொறுத்திருக்கக் கூடாது. கஷ்டகாலப் பற்று என்று கம்பெனி ஒப்புக்கொண்ட தொகைக்குத் தண்டம் நீங்கவேண்டும். தாழ்ந்த வரிப்படியிலுள்ளவன் பெற்ற சலுகைக்குமேல் அவனிடம் ஒரு டாலரும் வாங்கலாகாது. தொழிலாளியை வெளியே அனுப்பும் கம்பெனி, அவன் கையெழுத்திடுமுன், 55 வயது விதி அவனுக்குண்டா, பணத்தை மாற்றினால் அது போய்விடுமா என்பதை ஒரே தாளில், அவன் படித்தறியும் பாஷையில், எழுதிக் கொடுக்கவேண்டும். இவற்றுள் கடைசியாகச் சொன்னதற்குச் சர்க்கார் பொக்கிஷத்திலிருந்து ஒரு காசும் செலவில்லை. அதையாவது வரும் சட்டசபைக் கூட்டத்தில் செய்துவிடலாம்.